எரிமலைத் தீவில் புண்ணியமூர்த்தியின் வீடு

எங்கள் ஆட்களுக்கு விடுமுறைக்கு ஓர் இடம் சொல்வதைப் போல எரிச்சலான வேலை வேறு இல்லை. கடல் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் குளிரக் கூடாது. கோயில் இருக்க வேண்டும். சோறு கிடைக்க வேண்டும். பிள்ளைகள் அலுப்படிக்கிறது என்று முகத்தைத் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருக்கிற வதிவிட 'காட்'டோடு போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அகதிக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அடித்திருப்பார்கள். எழுத்தில்தான் எல்லா நாடுகளும். எந்தத் தூதரகத்துக்குக் கொண்டுபோனாலும் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னும் நாலு கடிதம் கேட்பார்கள்.

பாரிஸ் லா சப்பலில் பதினாறு வருடமாக டிக்கெட் போட்டுக்கொடுக்கிறவன் நான். பெயர் தவரத்தினம். இந்தத் தலையிடிக்கு ஒரு மருந்தாகத்தான் 2014இல் ரியூனியன் தீவைக் கண்டுபிடித்தேன். ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில், இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் பிரான்ஸின் ஒரு மாவட்டம். இங்கே வதிவிடக் காட் இருந்தால் அங்கேயும் போகலாம். மொறீசியஸில் மாறுகிற மலிவு விமானத்தில் மட்டும் ஏறக் கூடாது. அது வேறு நாடு, அங்கே பிடித்து வைத்து விடுவார்கள். நேர் விமானம், பதினொரு மணித்தியாலம். நானே கணினியில் ஒரு விளம்பரம் செய்து கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். சிவப்பாக நெருப்பு வழியும் எரிமலைப் படம். அதற்குக் கீழே: "எரிமலை. இந்து சமுத்திரம். முருகன் கோயில். உங்கள் காட் போதும், அதுவும் பிரான்ஸ்தான்."

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெண்கள் உள்ளே வந்து, "அண்ணை, இது வெடிக்காதோ?" என்று கேட்பார்கள்.

"வெடிக்கும் தங்கச்சி. ஆனால் சொல்லிப்போட்டுத்தான் வெடிக்கும். அங்கை சனம் சாப்பாடு கட்டிக்கொண்டு பாக்கப் போகுது" என்பேன். அது உண்மை. அந்த மலை அடிக்கடி நெருப்பைக் கக்கும், ஆனால் ஊர்ப் பக்கம் வராது.

கடையை என் கடை போலச் சொல்லிக்கொண்டு போகிறேன், திருத்திக்கொள்கிறேன். கடை மகேந்திரராசா அண்ணையுடையது. நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறவன். ஊரில் கொக்குவிலில் இருக்கும் என் தங்கச்சிக்கு மட்டும் இது வேறு விதமாகத் தெரியும். முதல் வருடம் கையில் சாவியோடு கதவடியில் நின்று எடுத்த படம் ஒன்றை அவளுக்கு அனுப்பியிருந்தேன். கடை யாருடையது என்று படத்தில் எழுதவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "அண்ணை, கடை நல்லாப் போகுதோ?" என்று கேட்பாள். ஓம், பரவாயில்லை என்பேன்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் படங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குப் புண்ணியமூர்த்தியின் கதை விளங்காது. யாரோ நிறுத்திவிட்டுப் போன நல்ல காருக்கு முன்னால் நிற்போம். கோப்பை கழுவுகிறவன், ஆட்கள் வரமுதல் உணவகத்தின் மேசையில் போய் உட்கார்ந்து, நாப்கினை மடியில் விரித்துப் படமெடுப்பான். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்ல மாட்டோம். படம் தன்பாட்டில் சொல்லும்.

புண்ணியமூர்த்தி வன்னியிலிருந்து 2011இல் வந்து சேர்ந்தவன். நான் அறிந்தபோது நாற்பது வயது. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, ஏழு வருடம் கழித்தும் பெரும்பாலும் கோப்பைதான் கழுவிக்கொண்டிருந்தான். இடையில் மரக்கறி வெட்ட விடுவார்கள். சவர்க்காரத் தண்ணீரில் கிடந்து கிடந்து அவனுடைய கைகள் வெளிறி, விரல் மடிப்புகளில் வெடித்திருக்கும். மனைவி கமலராணி, மகள் ஆரணி, மூன்று பேரும் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். ஓகஸ்டில் உணவக முதலாளி கதவைப் பூட்டிவிட்டு மூன்று கிழமை போய்விடுவான். புண்ணியம் அந்த மூன்று கிழமையும் லா சப்பலில் வந்து நின்று தெருவைப் பார்ப்பான்.

2018 சித்திரையில் ஒரு மாதம் முழுக்க அவன் என் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எரிமலையைப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு உள்ளே வந்தான்.

"அண்ணை, உது உண்மையா எரியுமோ?"

"உமக்காக எரியாது. எரிஞ்சால் உமக்கு அதிர்ஷ்டம்."

சிரித்தான். டிக்கெட் போட்டேன். தங்க இடமும் நானே பார்த்துக்கொடுத்தேன். யாரோ கடைசி நேரத்தில் கைவிட்ட ஒரு விடுமுறை வீடு. ஆறு அறை, முன்னால் சின்ன நீச்சல் தடாகம், வாசலில் வாழை. வீட்டுக்காரர் பெயர் ராமசாமி. பெயர்தான் ராமசாமி, தமிழ் ஒரு சொல் வராது.

ஓகஸ்ட் முடிவில் வெயிலில் கறுத்து, ஐந்து வயது குறைந்து திரும்பி வந்தான். நான் எத்தனையோ பேரை அந்தத் தீவுக்கு அனுப்பியிருக்கிறேன். வந்து சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார்கள், கோயிலில் ஐயருக்கும் தமிழ் தெரியாது என்று குறை சொல்வார்கள். புண்ணியம் மலையைப் பற்றி மட்டும் கதைத்தான். முகில் மூடமுதல் மேலே போய்விட வேண்டுமாம். கடைசிப் பாதையில் மைல்கணக்காக ஒரு புல்லும் இல்லையாம். சிவந்த மண், கறுத்த கல், அவ்வளவுதான். பிறகு கீழே கடற்கரைப் பக்கம், பழைய நெருப்பாறு தெருவைக் கடந்து கடலுக்குள் விழுந்து உறைந்த இடத்துக்குக் காரில் போயிருக்கிறார்கள்.

"அந்தக் கரையில கொஞ்ச நிலம் பத்துப் பதினொரு வயசுதான் அண்ணை. என்ர மகளைவிடச் சின்ன நிலம். அதில ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை. ஒருத்தரும் சாகேல்லை. நான் செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டனான்."

என் மேசையில் கையூன்றிக்கொண்டு இதைச் சொன்னான். எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினாறு வருடம் டிக்கெட் விற்றவன், நான் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை.

வீட்டு வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டு, படலைக் கதவில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவன் நின்ற படம் ஒன்றைக் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டேன். ஒரு மூலையில் கடைத் தொலைபேசி இலக்கம். அது என்னுடைய வியாபாரம்.

அடுத்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கமலராணி கடைக்கு வந்தாள். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை அவளுக்கு. வேலைச் சட்டையோடேயே வந்திருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள்தானே அந்தத் தீவுக்கு ஆக்களை அனுப்புறனீங்கள். இலங்கையிலயிருந்து படகில போனா எத்தனை நாள்?"

அவளுடைய தம்பி ஜெனோசன், முப்பத்துமூன்று வயது, மேசன் வேலை செய்கிறவன், மனைவியிடம் சிலாபத்தில் ஒரு கட்டட வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு கிழமை கழித்து அந்த மனைவிக்கு ஓர் அழைப்பு: கடலுக்குப் போகிறேன், ரியூனியனுக்கு, ஒரு மாதத்துக்குப் போன் வராது, பயப்படாதே. அவ்வளவுதான். போரின் கடைசியில் பிடிபட்டு இரண்டு வருடம் முகாமில் இருந்துவிட்டு வந்தவன் அவன். வந்த பிறகும் வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்களாம். கடலில் காலை நனைத்ததைத் தவிர அவனுக்குக் கடலோடு ஒரு தொடர்பும் கிடையாது.

நான் கணினியில் வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தேன். நாலாயிரம் கிலோமீற்றர். மீன்பிடிப் படகு. இருபது இருபத்தைந்து நாள் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அவள் விரலை விட்டு நாள் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் புண்ணியம் தனியாக வந்தான். கதவைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர் கதிரையில் இருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணை, அவன் என்ர கதையைக் கேட்டுத்தான் ஏறினவன்."

மலை உச்சியில் நின்றபோது புண்ணியம் கைபேசியில் ஜெனோசனை அழைத்து எரிமலையைக் காட்டியிருக்கிறான். கமலராணி குளிர் என்று காரிலேயே இருந்துவிட்டாள். அப்போது வாயில் வந்திருக்கிறது: இங்கே வீடு ஒன்று வாங்கிவிட்டேன், ஆறு அறை. மலை பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு உணவகம் ஒன்று திறக்கப் போகிறேன். நீயும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

"ஏன் காணும் சொன்னீர்?"

"தெரியாது அண்ணை. அந்த இடத்தில நிண்டா அப்பிடிச் சொல்ல வருது. எனக்கே உண்மை மாதிரி இருந்தது."

"கமலிக்குத் தெரியுமோ?"

தலையை ஆட்டினான். தெரியாது.

எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். படம் தன்பாட்டில் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். இவன் வாயாலும் சொல்லியிருக்கிறான். ஆனால் அறையும் தகுதி எனக்கு இருந்ததா? அந்த எரிமலையைக் கண்ணாடியில் ஒட்டியவன் நான். அவனுக்கு அந்த வீட்டைப் பிடித்துக்கொடுத்தவனும் நான்.

அதற்குப் பிறகு கமலராணி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கடைக்கு வந்தாள். அந்தத் தீவின் வானொலியை என் கணினியில் கேட்கலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். நான் கேட்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அவன் படகு ஏறிய ஒன்பதாம் நாள் அந்தப் பக்கம் சூறாவளி என்று சொன்னார்கள். நான் அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் போன பிறகு கத்தியை எடுத்து, கண்ணாடியில் இருந்த எரிமலையைச் சுரண்டத் தொடங்கினேன். பாதியில் அவள் திரும்பி வந்துவிட்டாள், குடையை மறந்துபோய்.

"அதைக் கழட்டாதேங்கோ அண்ணை" என்றாள். "அவன் போய்ச் சேருற இடம் அது."

கிழிந்த மூலையைப் பசை போட்டு மறுபடி ஒட்டினேன்.

புண்ணியம் வேலைக்குப் போய் வந்தான். சாப்பிடுவதில்லை என்று அவள் சொன்னாள். "என்ர தம்பிக்காக இந்த மனுசன் இப்பிடி உருகுறாரே" என்று அவள் என்னிடம் பெருமையாகச் சொன்ன நாளில் நான் மேசையில் கிடந்த பழைய டிக்கெட் பிரதிகளை அடுக்கத் தொடங்கினேன்.

இருபத்துநான்காம் நாள் படகு கரைக்கு வந்தது. எல்லாரும் உயிரோடு. கடையில் நின்ற நாலைந்து பேரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள். நான் பால் விடாத பிளேன் ரீ வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். புண்ணியம் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கரைக்கு வந்தவர்களை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அடைத்து வைத்து, உள்ளே விடுவதா திருப்பி ஏற்றுவதா என்று விசாரிப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்து, புதன்கிழமை, மதியம் ஒரு மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. தீவிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர். ஜெனோசனின் கைபேசியில் இருந்த ஒரு படத்தின் மூலையில் இந்த இலக்கம் இருந்ததாம்.

அவர் வேகமாகப் பேசினார், நான் துண்டுக் கடதாசியில் எழுதினேன். விசாரணையில் ஜெனோசன், தன் அக்காவின் கணவருக்கு இந்தத் தீவில் வீடும் உணவகமும் இருக்கிறது, அவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் படத்தையும் காட்டியிருக்கிறான். அதிகாரிகள் அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். லியோனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் குளியல் உடுப்போடு கதவைத் திறந்திருக்கிறார்கள். இவன் சொல்வது எதையும் நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். வீட்டை மட்டுமில்லை, முகாமை, விசாரிக்க வந்த ஆட்களை, எதையும். திருப்பி அனுப்ப முடிவாகிவிட்டது. நாளை காலை நீதிமன்றத்தில் ஒரு கடைசி வாய்ப்பு.

"அந்த வீட்டைப் பற்றி அவருக்கு யாராவது சொன்னார்களா, அல்லது அவரே கற்பனை செய்தாரா?" என்று கேட்டார். "யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆள் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்த ஓர் அத்தெஸ்தாசியோன் வேண்டும். அவருடைய வதிவிடக் காட்டின் பிரதியும், அக்காவின் பிறப்புச் சான்றிதழும். மாலை ஏழு மணிக்கு நான் ஆவணங்களைப் பூட்டிவிடுவேன்."

அத்தெஸ்தாசியோன் என்றால் உண்மை என்று உறுதி சொல்லி எழுதும் சாட்சிக் கடிதம். கணினியில் அடிக்கக் கூடாது. எழுதுகிறவனின் கையெழுத்தில் முழுவதும் இருக்க வேண்டும். அங்கே மாலை ஏழு என்றால் குளிர்காலத்தில் இங்கே நாலு மணி.

உணவகத்துக்கு அடித்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. ஆறாவது தடவை முதலாளி எடுத்துக் கத்தினான். நானும் திருப்பிக் கத்தினேன். பிறகு கமலராணிக்கு அடித்து, பிறப்புச் சான்றிதழோடு உடனே வா என்றேன். அவளை வேறு நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கலாமோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நேரம் எங்கே இருந்தது?

இரண்டேகாலுக்குப் புண்ணியம் வந்தான். குளிர்ச் சட்டைக்குக் கீழே ஏப்ரன் நனைந்து தொங்கியது. உள்ளே கமலராணி இருப்பதைக் கண்டு கதவடியிலேயே நின்றுவிட்டான்.

"வாரும்" என்றேன். "இரும். இந்தப் பேனையைப் பிடியும்."

ஒரு தாளில் பிரெஞ்சில் நான் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து அவன் எழுத வேண்டும். பிரெஞ்சில் தன் பெயரையும் முகவரியையும் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாதவன் அவன்.

"இதில என்ன இருக்கெண்டு தமிழில சொல்லுறன், கேளும்."

"வேண்டாம் அண்ணை" என்றான். "நான் பாத்து எழுதிறன். சொல்ல வேண்டாம்."

"உமக்கு விளங்காத ஒண்டுக்கு நீர் கையெழுத்து வைக்கேலாது. பொய்யெண்டால் தண்டனை எண்டு கடைசி வரியில இருக்கு."

கமலராணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தம்பிக்காகக் கணவன் ஏதோ எழுதப் போகிறான் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

"வாசியுங்கோ அண்ணை" என்றாள்.

வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான், புண்ணியமூர்த்தி, பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் தொழிலாளி. எனக்கு ரியூனியனில் வீடு இல்லை, உணவகம் இல்லை. 2018 ஓகஸ்டில் விடுமுறைக்குப் போனபோது வாடகைக்கு எடுத்த வீட்டை என் சொந்த வீடு என்று என் மனைவியின் தம்பிக்குச் சொன்னேன். அங்கே வேலை இருக்கிறது, வா என்றும் சொன்னேன். அது பொய். அவர் விசாரணையில் சொன்னது நான் அவருக்குச் சொன்னதைத்தான்.

வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போனது.

"எத்தினை அறை எண்டு சொன்னனீங்கள்?" என்று கமலராணி கேட்டாள்.

"ஆறு."

"வா எண்டும் சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

அவள் கையை ஓங்குவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "எழுதுங்கோ" என்றாள். "ரெண்டரையாகுது."

எழுதத் தொடங்கினான். அவனுடைய வெடித்த விரல்கள் ஈரத்தில் இன்னும் ஊறிப்போயிருந்தன, பேனை வழுக்கியது. ஒவ்வோர் எழுத்தாக என் தாளைப் பார்த்தான், தன் தாளைப் பார்த்தான். முதல் தாளில் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதியிருந்தான். கிழித்தேன். இரண்டாம் தாளில் ஏப்ரன் ஈரம் பட்டு மை பரவியது. கமலராணி எழும்பி அவனுடைய கழுத்தின் பின்னால் இருந்த முடிச்சை அவிழ்த்து, ஏப்ரனை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டிக்கெட்டுக்கு வந்த இரண்டு பேரை நான் கையைக் காட்டி வெளியே அனுப்பினேன்.

மூன்றாம் தாளில் தொழில் என்ற இடத்தில் பேனை நின்றது. மணி மூன்று பத்து.

"அண்ணை" என்றான், என்னைப் பார்க்காமல். "சமையல்காரர் எண்டு போடலாமோ? மரக்கறி நான்தானே வெட்டுறன்."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதற்கு முன் கமலராணி சொன்னாள்.

"கோப்பை கழுவுறது எண்டு எழுதுங்கோ. அதிலதான் நாங்கள் சாப்பிடுறம்."

எழுதினான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எடுத்த நேரத்தில் நான் ஒரு குடும்பத்துக்கே டிக்கெட் போட்டிருப்பேன். மூன்று நாற்பத்தைந்துக்குக் கையெழுத்து வைத்தான். ஸ்கானரில் தாள் சிக்கியது. இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நேரம் போகும். கமலராணி மூடியைத் திறந்து, தன் நகத்தால் தாளின் விளிம்பை நிமிர்த்தி மெல்ல வெளியே எடுத்தாள். மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில், கிடைத்தது என்று ஒரே ஒரு சொல் பதில் வந்தது.

அவர்கள் இரண்டு பேரும் கடையிலிருந்து வெளியேறிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. அவள் முன்னால், மடித்த ஏப்ரனோடு. அவன் ஆறேழு அடி பின்னால்.

அடுத்த நாள் பத்து மணிக்கே இருவரும் வந்து கதிரைகளில் இருந்தார்கள். நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. பதினொன்று. பதினொன்றரை. ஒவ்வோர் அழைப்புக்கும் அவள் எழும்பினாள். மூன்றும் சென்னை டிக்கெட் விசாரணைகள். நான் என்றைக்கும் வாடிக்கையாளரிடம் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது வழக்கறிஞர் அழைத்தார். நீதிபதி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னவனைப் பொய்யன் என்று தள்ள முடியாது, அவனுடைய மற்றக் கதையையும் கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஜெனோசனை உள்ளே விட்டிருக்கிறார்கள். அகதிக் கோரிக்கை இனித்தான் தொடங்கும், மாதக்கணக்காகும், மறுக்கவும் செய்யலாம். ஆனால் விமானத்தில் ஏற்றவில்லை.

நான் தமிழில் சொன்னேன். கமலராணி முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். புண்ணியம் எழும்பி நின்று, எங்கே போவது என்று தெரியாமல், கண்ணாடியில் ஒட்டியிருந்த எரிமலைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

அரை மணித்தியாலத்தில் ஜெனோசனே அக்காவின் கைபேசிக்கு அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவும் தம்பியும் பேசிய பிறகு, கமலராணி கைபேசியைக் கணவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. மேசையில் வைத்தாள்.

"ஜெனோ" என்றான் புண்ணியம். "என்னை மன்னிச்சுக்கொள். அந்த வீடு..."

"அத்தான், அதை விடுங்கோ. வீடு இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னே ஏன் விசாரணையில் சொன்னாய் என்று நான்தான் கேட்டேன்.

"சொந்தமும் வீடும் இருக்கெண்டால் உள்ள விடுவாங்கள் எண்டு படகில ஒருத்தர் சொன்னவர். நான் வந்தது வீட்டுக்காக இல்லை அண்ணை. கிழமைக்கு ரெண்டு தரம் வந்து விசாரணைக்குக் கூப்பிட்டாங்கள். ஊரை விட்டு வெளிக்கிடாட்டில் அடுத்த முறை திரும்பி வந்திருக்க மாட்டன். பிரான்ஸுக்குக் கடலால வரலாம் எண்டது மட்டும் அத்தான்ர படத்தாலதான் தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?" என்றான் புண்ணியம்.

"நீங்கள் நல்லாச் சந்தோசமா நிண்டு கதைச்சனீங்கள் அத்தான். அப்பிடி ஒருநாளும் கதைச்சதில்லை. எப்பிடிக் கேக்கிறது? வெளிநாட்டால வாற படத்தை ஊரில ஆர் நம்பிறது? அந்தப் படலைப் படத்தை அம்மா பெரிசாக்கிப் பாத்தவ. வீட்டைப் பாக்கேல்லை. உங்கட கையைத்தான் பாத்தவ. இந்தப் பிள்ளை எவ்வளவு கோப்பை கழுவியிருக்கும் எண்டு சொல்லி அண்டைக்கு முழுக்க அழுதவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ."

புண்ணியம் தன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். கமலராணி எழும்பிப் போய், ஒரு கையை வெளியே இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். வெடித்த விரல்களைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள், தம்பி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தான், கடலில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போன நாட்களைப் பற்றி. நான் கணினியில் ஏதோ தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வழக்கம்போல அழைத்தாள். மழை, பிள்ளைகளின் படிப்பு, மச்சானின் முழங்கால் வலி எல்லாம் முடிந்த பிறகு, "அண்ணை, கடை நல்லாப் போகுதோ?" என்றாள். பதினாறு வருடமாகக் கேட்கும் கேள்வி. அவள் அதை எவ்வளவு மெதுவாகக் கேட்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"கடை மகேந்திரராசா அண்ணையின்ர. நான் அவரிட்டை வேலை செய்யிறன்" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றாள். "சாப்பிட்டிட்டீங்களோ?"